முதல் தகவல்

காவல் நிலையத்துக்கு ஆலோசனை சொல்ல ஊர்க்காரர்கள் எட்டுப் பேரைக் கொண்டு ஒரு குழு அமைத்தபோது, மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் லூர்தம்மாளையும் சேர்த்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய மகன் சேவியரை விசாரணைக்கென்று அழைத்துப் போனது அந்த நிலையத்துக்குத்தான். அவன் திரும்பி வரவில்லை.

முதல் கூட்டத்தில் மற்றவர்கள் தெருவிளக்கு, வேகத்தடை, கேமரா என்று பேசினார்கள். அவள் முறை வந்தது.

"எம்புள்ளய இங்க கொண்டாந்தது மறுநா மத்தியானந்தான் எனக்குத் தெரியும், சார். அதுக்குள்ள அவன் உசுரு போயிருச்சு. இனிமே யாரக் கூட்டிட்டு வந்தாலும் வீட்டுக்கு உடனே தெரியணும். ஒங்களுக்கு நேரமில்லன்னா நான் வந்து சொல்றேன்."

புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் அவளுடைய போன் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பதினோராம் நாள் காலை நிலையத்திலிருந்து அழைத்தார்கள். வண்டி திருடியதாகச் சந்தேகப்பட்டு ஓர் இளைஞனைப் பிடித்து வந்திருந்தார்கள். லூர்தம்மாள் கையைக் கழுவிக்கொண்டு போனாள். பெஞ்சில் அவனருகே உட்கார்ந்து, அவன் சொன்ன எண்ணுக்குப் பேசினாள்.

"அக்கா, ஒங்க மவன் ஸ்டேஷன்ல இருக்கான். எங் கண்ணு முன்னாலதான் இருக்கான். பதறாம வாங்க."

"நீங்க யாரு, போலீஸா?" மறுமுனையில் இளைஞனின் தாய் கேட்டாள்.

"இல்லக்கா, மீன் விக்கிறவ. நீங்க வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

அந்தத் தாய் வந்துசேர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை லூர்தம்மாள் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.