சத்திரக்காரியின் கேள்வி

"அரக்கனோட சிறை திறந்து கிடக்கு. காவலுக்கு யாரும் இல்ல. வெளிய வந்துட்டே" என்றார் ஹாலிஸ்.

வெண்டலின் முகம் தொங்கிவிட்டது.

மூன்று மாத ஆட்டம். ஹாலிஸ் கதை சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு வீரனாகி, அந்தப் பாதாளச் சிறையிலிருந்து தப்பப் பார்ப்போம். நாங்கள் இருக்கும் நிஜச் சிறையில் பகடைக்குத் தடை. அட்டையில் எண்கள் எழுதி, பேனா மூடியைச் சுழற்றுவோம்.

திங்கட்கிழமை வெண்டலுக்கு விடுதலை. பதினோரு வருடத்துக்குப் பிறகு டெட்ராய்ட்டுக்கு பஸ். மூன்று நாளாகச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுக்கிறான். இந்தக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் வெளியேயும் பிழைத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

"சண்டையே இல்லியா பெரிசு?" என்றான்.

"வயித்தெரிச்சல்டா. அவருக்குத்தான் இனி விடுதலையே கிடையாதே" என்றான் ரமீரோ.

ஹாலிஸ் காதில் வாங்கவில்லை. "எதிர்ல ஒரு சத்திரம். பசிக்குது. என்ன பண்றே?"

"கதவுகிட்ட போய் நிக்கிறேன்."

"அப்புறம்?"

"நிக்கிறேன்."

"எதுவரைக்கும்?"

"திறக்கிற வரைக்கும்."

"அதைப் பூட்டலடா. நீயே தள்ளணும்."

ரமீரோ சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒரு கதவைத் தள்ளி ஒன்பது வருடமாகிறது.

"உள்ள சத்திரக்காரி. 'இத்தனை வருஷம் எங்கேப்பா இருந்தே?'ங்கிறா."

"பட்டாளத்துல."

"எந்தப் படை?"

வெண்டல் ரமீரோ பக்கம் திரும்பினான்.

"இடம் இல்லியாம். வெளிய போ. மறுபடி வா."

"கப்பல்ல இருந்தேன்."

"எந்தத் துறைமுகம்?"

மறுபடி வெளியே. நாலாவது முறை வெண்டல் பேனா மூடியைக் கீழே தட்டிவிட்டான். காவலர்கள் வந்து எங்கள் தலைகளை எண்ண இன்னும் ஐந்து நிமிடம்.

"விட்ருங்க பெரிசு, அழுதுடப் போறான்" என்றேன்.

"இத்தனை வருஷம் எங்கேப்பா இருந்தே?"

"ஜெயில்ல" என்றான் வெண்டல், மேசையைப் பார்த்து.

"அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நிமிர்ந்தான். "ஜெயில்ல இருந்தேன். தப்பு பண்ணிட்டுத்தான் போனேன். ஏதாவது வேலை இருந்தா குடுங்க, செய்யறேன்."

ஹாலிஸ் அட்டையை மடித்தார். "உள்ள வரச் சொல்றா. ஜெயிச்சுட்டே."

"ஒரு அரக்கனைக்கூடக் கொல்லல. இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்றான் ரமீரோ.

"நான் ரெண்டு தடவை விடுதலையாகிப் போனவன்டா" என்றார் ஹாலிஸ். "ரெண்டு தடவையும் வேலை கேட்ட இடத்துல இதைத்தான் கேட்டாங்க. பொய் சொன்னேன். அது தெரிஞ்சு துரத்துன அன்னிக்கே பழைய கூட்டாளிங்ககிட்ட போயிட்டேன்."