ஞாயிற்றுக்கிழமை எதிரி

"இன்னிக்கு உன் கதை முடிஞ்சுது, ராடிவோய்!" திரையில் நிஷ் நகரத்துத் திகோமிரின் பெயருக்கு எதிரே வரி ஓடியது.

"வாய்தான் நீளுது. ஊத்திக் காட்டு, பாக்கலாம்" என்று ஸ்ரெனியானின் ஊரிலிருந்து உடனே பதில் போனது.

மேஜை மேல் மூடி கழற்றிய கணினி. அதன் பிராசசர் தலையில் ஒரு செம்புக் குவளை. பிளாஸ்கிலிருந்து திரவ நைட்ரஜன் குவளைக்குள் இறங்க, வெண்புகை மேஜை விளிம்பில் வழிந்து தரையில் படர்ந்தது. பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூறு டிகிரி. அந்தக் குளிரில்தான் பிராசசர் தன் சக்திக்கு மீறி ஓடும். யாருடையது அதிக வேகம் தொடுகிறதோ அவருக்கு வெற்றி.

இரண்டு முறை திரை உறைந்து நின்றது. மூன்றாவது முறை எண் ஏறியது. திகோமிரைவிட நான்கு மெகாஹெர்ட்ஸ் அதிகம்.

"தோத்துட்டேன். போய்ச் சாப்பிடு" என்று வந்தது.

"சரி" என்று தட்டிய விரல்கள் ராடிவோயுடையவை அல்ல. அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. தட்டியது அவர் மனைவி டெசான்கா.

ஒன்பது வருஷம் அவர் பக்கத்தில் பிளாஸ்க் பிடித்து நின்றவள். மாடுகளுக்குச் சினை ஊசி போடும் நிலையத்தில் நைட்ரஜன் வாங்கி வருவதும், ஆட்டம் முடிந்ததும் ஹேர் டிரையரால் மதர்போர்டின் ஈரத்தைப் போக்குவதும் அவள் வேலைதான்.

அவர் போனபோது தெரு மின்கம்பங்களில் எல்லாம் அவர் படத்தோடு அறிவிப்பு ஒட்டினாள். கணினிக்குள் ஒட்டத் தோன்றவில்லை. நாற்பதாம் நாள் சடங்குக்கு வந்தவர்கள் கிளம்பி, வீடு ஓய்ந்த பிறகு திரையில் திகோமிரின் வரி வந்தது. "எங்கே போயிட்டே? ஆளையே காணோம்?"

'அவர் இல்லை' என்று தட்டி, அழித்தாள். பிறகு "வந்துட்டேன்" என்று தட்டினாள்.

அன்றுமுதல் ஞாயிறு மதியத்தில் மட்டும் அவளோடு பேச ஓர் ஆள் இருந்தது. மற்ற ஆறு நாளும் ரொட்டிக்கடைக்காரி "எத்தனை?" என்று கேட்பதோடு சரி.

ராடிவோயும் திகோமிரும் பதினொரு வருஷ எதிரிகள். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. பழைய பேச்சையெல்லாம் டெசான்கா தேடிப் படித்தாள். திகோமிர் முன்பெல்லாம் வசவு இல்லாமல் வாயே திறக்கமாட்டான். ராடிவோயின் கடைசி வருஷத்தில்தான் "சாப்பிட்டியா? கை பத்திரம்" என்றெல்லாம் வர ஆரம்பித்திருந்தது. "பயலுக்குப் புத்தி வந்துடுச்சு டெசா" என்று அவர் சிரித்தது அவளுக்கு நினைவிருந்தது.

அவள் திரையை மூடப்போகும்போது இன்னொரு வரி வந்தது. "சனிக்கிழமை உன் வீட்டுக்கு வரேன். நேர்ல ஒண்ணு சொல்லணும்."

தெரிந்துவிட்டது என்றே நினைத்தாள். ஆறு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஏமாற்றுக்காரி என்று ஊரறிய எழுதிவிட்டால்கூடப் போகட்டும். அடுத்த ஞாயிறு மதியத்துக்கு என்ன செய்வாள்?

சனிக்கிழமை மணி அடித்தது. வாசலில் கையில் பிளம் சாராய பாட்டிலோடு ஒருவர் நின்றார். அவள் நினைத்து வைத்திருந்ததைவிட வயதானவர். விரல் நுனிகளில் குளிர் சுட்ட பழைய வெள்ளைத் தழும்புகள்.

"ராடிவோய் இருக்காரா?"

"உள்ளே வாங்க" என்றாள். உடனே வழியை மறித்து நின்றாள். "இல்லே, முதல்ல சொல்லிடறேன். அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. இத்தனை நாளா உங்களோட ஆடினது நான்தான். பேச வேற ஆள் இல்லே, அதான். மன்னிச்சிடுங்க திகோமிர்."

அவர் தொப்பியைக் கழற்றினார். பாட்டிலை வாசற்படியில் வைத்தார்.

"நான் திகோமிர் இல்லேம்மா, அவனோட அப்பா. அவன் போய் மூணு வருஷமாச்சு."