குழி வெட்டக் கூடாத காடு

காலையில் செத்துப்போன செங்கோடனுக்கு, மஞ்சள் விளையும் காட்டின் வடமூலையில், அவருடைய அப்பனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டத் தொடங்கினார்கள். முதல் கடப்பாறை இறங்கியதுமே கம்பெனிக்காரன் வண்டியில் வந்து நின்றான்.

"அம்மா, ஒரு சாணுக்குக் கீழ தோண்டக் கூடாதுங்க. வேரைச் சுத்திப் பூஞ்சை நூல் ஓடுது. நாங்க விட்ட நுண்ணுயிர் அந்த நூலைப் புடிச்சுத்தான் ஒட்டிக்கிட்டிருக்குது. நூல் அறுந்தா எல்லாம் போச்சு."

"காடு யாரோடதுங்க தம்பி?" என்றாள் செங்கோடனின் மனைவி பாவாயி.

"காடு உங்களோடதுதானுங்க. உள்ள உசுரோட இருக்கறது எங்களோடது. அய்யாதானே ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாரு?"

போட்டவர் அவர்தான். போடவைத்தவள் பாவாயி. 'ஊரே போடுது, உங்களுக்கு மட்டும் என்ன வீம்பு?' என்று ஆறு வருடத்துக்கு முன் மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தவள். அதை இப்போது யாரிடம் சொல்லி அழுவது?

"எங்க வழியில பொணத்தைச் சுடற வழக்கமில்லீங்க."

"டவுன்ல மின்மயானம் இருக்குதுங்க. வண்டிக்கு நானே சொல்லீர்றேன்."

மகன் பூபதி கடப்பாறையைத் தோளில் வைத்துக்கொண்டான். அவர் நெஞ்சின் மேல் போடவாவது ஆகட்டும் என்று பாவாயி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

"மண்ணு வெளிய போகக் கூடாதுங்கம்மா."

அவள் கையிலிருந்த மண்ணை உதறினாள்.

"ஆறு வருசமா இந்த மண்ணுலயேதான் கெடந்தாரு. அவரு நகக்கண்ணுல இருக்குது, தொண்டையில இருக்குது, நெஞ்சுக்கூட்டுக்குள்ள இருக்குது. அதை என்ன பண்றது? கழுவிக் குடுக்கட்டுமா?"

வந்தவன் சிரிக்கவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, பக்கம் பக்கமாகத் தேட ஆரம்பித்தான்.