மூலையில் நிற்பவர்

கோயிலின் பங்குக் கூட்டத்துக்கு, தெருவாரியாகக் குடும்பங்கள் சேர்ந்த குழுக்களான நான்கு அன்பியங்களின் தலைவர்களும் வந்திருந்தார்கள். பங்குச் சாமியாருக்கு வலப்பக்கம் மத்தேயு, மாற்கு அன்பியங்கள். இடப்பக்கம் லூக்கா, யோவான். கதவோரம், மின்விசிறிக் காற்று எட்டாத முக்காலியில் செயலர் இஞ்ஞாசி.

மேசைமேல் ஒரு பழைய இத்தாலிய ஓவியத்தின் படம் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் ஓவியர் பீடத்துச் சுவரில் எசேக்கியேல் கண்ட காட்சியை வரைந்துகொண்டிருந்தார். மேகத்தில் கடவுள், சுற்றிலும் நற்செய்தியாளர் நால்வரின் அடையாளங்களான வானதூதர், சிங்கம், காளை, கழுகு.

"எங்க காளை மட்டும் காலுக்கடியில கெடக்கணுமா?" என்றார் லூக்கா அன்பியத்துத் தொம்மை.

"சிங்கமும் கீழதான் இருக்கு. நாங்க வாயத் தொறந்தோமா அண்ணே?" என்றாள் மாற்கு அன்பியத்துத் திரேசம்மாள்.

"தொறந்தாத்தான சிங்கம்."

இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓவியருக்கு இது ஐந்தாவது திருத்தக் கடிதம். நான்காவது போனபோதே, இன்னொன்று வந்தால் சாரத்தைவிட்டு இறங்கிவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். திருவிழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

நான்கும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று முடிவானது.

"மூலையில எறும்பாட்டம் ஒருத்தன் நிக்கிறானே, எந்த அன்பியம்?" என்றார் தொம்மை. "எதுவும் இல்லன்னா எடுத்துரச் சொல்லுங்க."

"அவர்தாங்க எசேக்கியேல். இத்தனையும் பார்த்தவரே அவர்தான்" என்றார் இஞ்ஞாசி.

யாரும் நிமிரவில்லை. தேநீர் வந்திருந்தது.

கூட்டம் சொன்னதை இருபது வருடமாக ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியவர் இஞ்ஞாசி. சாமியார் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்திருந்த வெற்றுத் தாளை அவர் எடுத்தார். 'எல்லாவற்றையும் பார்த்தோம். அப்படியே இருக்கட்டும்' என்று எழுதி, உறையைப் பசை வைத்து ஒட்டினார்.

"கோயில் பக்கந்தான போறீங்க, ஓவியர் கையிலயே குடுத்துருங்க" என்று தொம்மையிடம் நீட்டினார்.