ஆறு மணிக்கு வந்த குரல்

மாலை மணி ஆறு. கொரியத் துறைமுகமான மோக்போவின் மீன் சந்தையில், மல்-ரேயின் சூப்புக் கடைக்குள் நாங்கள் மூன்று கிழவர்கள் ரசிகர்கள் கச்சேரியில் ஆட்டும் நீல விளக்குத்தடியை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பிடித்து நிற்கிறோம். எங்கள் வயதையெல்லாம் கூட்டினால் ஓர் அரச வம்சத்தின் ஆயுள் வரும். மல்-ரேயின் மகன், பாடகன் பேக் ஈ-ஹானின் புதிய இசைத்தட்டு ஒன்பது வருடம் கழித்து இந்த நொடியில் வெளியாகிறது. தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து அவன் அம்மாவிடம்கூடக் குறுஞ்செய்தியில்தான் பேசுகிறான். ரசிகர்களுக்கு வந்த குறிப்பின்படி, பாட்டின் நடுவே இசை நிற்கும்போது நாங்கள் அவன் பெயரைக் கத்த வேண்டும். ஒரு வாரமாகக் கத்திப் பழகியதில் சந்தைப் பூனைகள் ஊரைவிட்டே ஓடிவிட்டன. "தூ-சோல் அண்ணே, இன்னைக்காவது சரியான எடத்துல கத்துங்க," என்கிறாள் மல்-ரே. "நான் கத்துனா சியோல்ல கண்ணாடி உடையும், பாரு!" என்கிறார் பழைய படகோட்டியான தூ-சோல்.

குரல் வருகிறது. கொதிக்கிற சூப்பே அடங்கிப்போகிறது. வானத்தில் ஆணியடித்த அந்த உச்சக்குரல் எங்கே? கைபேசியிலிருந்து வருவது கருங்கல்லில் நங்கூரச் சங்கிலி இழுபடும் கரகரப்பு. தூ-சோலின் தடி கைநழுவி மீன் தொட்டிக்குள் விழுந்து, அங்கேயும் நீலமாக மினுக்குகிறது. மல்-ரேயின் அகப்பை அந்தரத்தில் நிற்கிறது. "இது எம்புள்ள குரல் இல்லண்ணே," என்கிறாள், வெளிறிப்போய். "அவங்கப்பா குரல்." இதே சந்தையில் மீன் ஏலம் கூவி, பதினோரு வருடம் முன்பு செத்துப்போன அவள் புருஷன் மான்-சிக்கின் குரலேதான். இசை நிற்கிறது. நாங்கள் கத்த வேண்டிய இடம். மூன்று வாய்களும் திறந்திருக்கின்றன, ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை. மல்-ரே மட்டும் அகப்பையைத் தலைக்கு மேலே உயர்த்திக் கத்துகிறாள்: "பேக் மான்-சிக்!"