தொண்ணூற்றேழு சதவீதம்

கேள்விகளுக்குத் தானாகவே பதில் எழுதும் எங்கள் நிறுவனத்தின் சாட்பாட்டை, வாடிக்கையாளருக்கு அதன் பதில் பிடிக்கிறதா என்று அலசிச் சொல்லும் சேவையோடு மூன்று நாள் மல்லுக்கட்டி இணைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து மேனேஜர் அறிக்கையைக் காட்டினார்.

"தொண்ணூத்தேழு சதவீதம் பேருக்குத் திருப்தியாம்! முன்னெல்லாம் திட்டுதானே வாங்கிட்டு இருந்தோம்? இதைப் பாரேன், 'பதறாதீங்கம்மா, முதல்ல தண்ணி குடிங்க'ங்குது. மெஷினுக்கு என்ன பக்குவம்!"

"ஆமா சார்."

"இனிமே உதவி டெஸ்க்ல ஆள் எதுக்கு? அங்க இருக்குற அக்காகிட்ட இந்த வேலைநீக்க லெட்டரை நீயே குடுத்துடு. எனக்கு மனசு கேக்கல."

என் மனசு மட்டும் கல்லா? வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

அக்கா மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நல்லவேளை, நீயே வந்துட்டே தம்பி. நீ எதையோ இணைச்ச நாள்லேருந்து சாட்பாட் வாயே திறக்கல. எல்லாக் கேள்வியும் என் ஸ்க்ரீனுக்குத்தான் வருது. மேலே சொன்னா உன் வேலைக்கே உலை வெச்சுடுவாங்களேன்னு, அது பேர்லயே நான் பதில் போட்டுட்டு இருக்கேன். கை கழண்டு விழுந்துடும் போல இருக்கு."

என் கை தானாகச் சட்டைப் பையை மூடியது.

"அது கிடக்கட்டும். நீ என்ன விஷயமா வந்தே?"