விசில்காரன் வந்தாச்சு

கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் வழிகாட்டி. ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு ஸ்பீக்கர்.

பிடித்தவர் பல் டாக்டர். "இனிப்பே தொடறதில்லை டாக்டர்" என்று சொல்லும் வாய்களைத் தினமும் திறந்து பார்ப்பவர். அந்த அம்மாளிடம் போய் இந்த வேலையைக் காட்டலாமா?

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான், "சத்தம் போடாதீங்க, நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று வழிகாட்டி அந்தப் பெரிய மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார். உடனே விசில் கேட்டது. ஓடையோரம் உட்கார்ந்து, வேலை வெட்டி இல்லாத ஆள் மாதிரி விசிலடிக்கும் நீலக் குருவி அது. விசில்காரன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பறவை பார்க்க வந்த குழுவில் இருந்தவர்கள் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு கிளை கிளையாகத் தேடினார்கள்.

"வந்துட்டான்" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பார்வை போய்ப் பல வருஷம் ஆகிறது. காதால்தான் அவருக்குக் காடு.

விசில் முடிந்ததும் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். குருவி செருமுமா? டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. காலில் அட்டை ஏறுவதைக்கூடக் கவனிக்காமல் மரத்தைச் சுற்றி வந்துவிட்டார்.

"காட்டுக்குள்ள ரெக்கார்டிங் போடக் கூடாதுன்னு வாசல்ல போர்டு இருக்கு. காலையில நீங்கதானே எங்களுக்குப் படிச்சுக் காட்டினீங்க?"

"மெதுவா பேசுங்க மேடம். அந்த அம்மாவுக்குப் பாம்புக் காது."

"கண்ணு தெரியாதவங்களை ஏமாத்த எப்படிங்க உங்களுக்கு மனசு வருது?"

வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"விசில்காரன் இந்தப் பக்கம் வந்தே நாலு வருஷமாச்சு மேடம். மலை உச்சிக்குப் போயிடுச்சு. அவங்களால அங்க ஏற முடியாது. வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் ரெண்டு பேருமா வருவாங்க. இப்ப தனியா, வருஷா வருஷம் இந்த ஒரு குரலுக்காக பஸ் மாறி பஸ் ஏறி வராங்க. இல்லைன்னு எப்படி மேடம் சொல்றது?"

"அதுக்காக?"

"நான் போடறது பழைய ரெக்கார்டிங், விசில்காரன் இங்க இருந்தப்போ ஒரு குழுவோட வந்து எடுத்தது. அதுலயும் கூட்டத்துல எவனோ கடைசியில செருமிக் கெடுத்துட்டான். அடுத்த வருஷத்துக்குள்ள அதை வெட்டி எடுத்துடலாம்னு இருக்கேன்."

"அடுத்த வருஷமா? சாயங்காலம் புகார் புத்தகத்துல எழுதப் போறேன். அப்புறம் இந்த பேட்ஜ் உங்ககிட்ட இருந்தா பார்க்கலாம்."

டாக்டர் சொன்னால் சொன்னதுதான். வழிகாட்டி சட்டையில் குத்தியிருந்த பேட்ஜை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது.

திரும்பும்போது வேனில் டாக்டர் எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. அதற்குள் அந்த அம்மாவே தன் பறவைப் பட்டியலை நீட்டினார்.

"விசில்காரனுக்கு ஒரு டிக் போடும்மா. 'பார்த்தது'ல வேண்டாம், 'கேட்டது'ல போடு."

"அம்மா, அது வந்து... அது நிஜக் குருவி இல்லை."

"தெரியுமே."

டாக்டர் பேனாவும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருஷம் காதை வெச்சுப் பிழைச்சவ நான். எனக்கு வித்தியாசம் தெரியாதா? முதல் தடவையே தெரிஞ்சுபோச்சு. நான் மூச்சு விடலை. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்தத் தம்பி கூச்சப்பட்டு நிறுத்திடும்."

"நிறுத்தட்டுமே. ஒரு பொய்க் குருவிக்காகவா இவ்வளவு தூரம் வரீங்க?"

"குருவிக்கு யாரு வந்தா?" என்று சிரித்தார் அந்த அம்மா. சிரிப்பு பாதியிலேயே நின்றது. "விசில் முடிஞ்சதும் ஒரு செருமல் கேக்குதே, அது எங்க வீட்டுக்காரர். எப்பவும் செருமிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். அடுத்தது என் பேரைத்தான் சொல்லணும். அதுக்குள்ள ரெக்கார்டு முடிஞ்சுடுது."

டாக்டர் 'கேட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

வாசலில் வேன் நின்றது. வழிகாட்டி முகம் வெளுத்துப்போய், புகார் புத்தகத்தைத் தானே திறந்து நீட்டினார்.

டாக்டர் அதை மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"புகார் ஒண்ணும் இல்லை. ஒரே ஒரு விஷயம். அந்தச் செருமலை மட்டும் வெட்டிடாதீங்க."